வேலி தாண்டினால் யாருக்கும் சொந்தமில்லை! - இங்கிலாந்தில் ஃபெசன்ட் குஞ்சுகளைக் காக்கும் இரண்டு மாதப் போராட்டம்

ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறந்துவிட்டால், இங்கிலாந்து கிராமங்களில் 'கேம்கீப்பர்' வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். வெளிச்சம் வரும் முன்பே நாயைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் கிளம்பிவிடுவார்கள். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. நடுவில் தீவனம், தண்ணீர், வேலி, நரி என்று ஆயிரம் வேலைகள்.

அவர்கள் தேடுவது தொலைந்துபோன ஆட்டையோ மாட்டையோ அல்ல. வயல் பக்கம் உலாவப் போன ஃபெசன்ட் குஞ்சுகளை!

அக்டோபர் 1-ம் தேதி அங்கே ஃபெசன்ட் வேட்டைக் காலம் தொடங்குகிறது. அதுவரை சுமார் இரண்டு மாதங்களுக்கு, ஆயிரக்கணக்கான இளம் பறவைகளைச் சொந்தக் காட்டிலேயே தங்கவைக்க வேண்டும். கட்டி வைக்க முடியாது. கூண்டிலேயே பூட்டி வைத்தாலும் வேலைக்கு ஆகாது. 'இதுதான் நம் வீடு' என்று அந்தப் பறவைகளே நினைக்க வேண்டும். அதற்காகச் செய்யும் வேலைகளைப் பார்த்தால், நம்மூரில் கோழி வளர்ப்பவர்களுக்குப் பாதி விஷயம் பழகியதாகவே இருக்கும்.

மயிலுக்கும் கோழிக்கும் சொந்தக்காரன்

ஃபெசன்ட் என்பது கோழி, மயில், காடை, கௌதாரி எல்லாம் அடங்கிய அதே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேவலுக்குச் செம்பு நிற உடல், பச்சை மினுமினுக்கும் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, நீண்ட வால். பெட்டை, காய்ந்த இலைச் சருகோடு சருகாகத் தெரியும் பழுப்பு நிறம். இமயமலையில் வாழும் மோனால் பறவையும் ஃபெசன்ட் இனம்தான். உத்தரகாண்டின் மாநிலப் பறவை அது.

நம்மூர் செம்போத்தை ஆங்கிலேயர்கள் 'குரோ ஃபெசன்ட்' என்று அழைத்தார்கள். நீண்ட வாலைப் பார்த்து வைத்த பெயர் அது. உண்மையில் செம்போத்து, குயில் குடும்பத்துப் பறவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேட்டைக்காக வளர்க்கப்படும் ஃபெசன்ட், பிரிட்டனின் சொந்தப் பறவையும் அல்ல. காகசஸ் மலைப் பகுதி தொடங்கி சீனா வரையிலான ஆசிய நிலம்தான் அதன் பூர்வீகம். இன்றைய ஜார்ஜியா நாட்டில் ஓடும் ஆற்றுக்குக் கிரேக்கர்கள் வைத்த 'ஃபாசிஸ்' என்ற பெயரில் இருந்துதான் ஃபெசன்ட் என்ற பெயரே வந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிட்டனுக்குள் கொண்டுவரப்பட்ட பறவை, இன்று அந்த நாட்டுக் கிராமப்புறத்தின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

கோடிக்கணக்கில் பறவைகள்

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காட்டுப் பறவையைச் சுடுவது என்றாலே சிறைதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் ஃபெசன்ட் வேட்டை சட்டப்படி நடக்கும் பெரிய தொழில். ஆண்டுதோறும் அங்கே காடுகளில் விடப்படும் ஃபெசன்ட்களின் எண்ணிக்கை 3 கோடியில் இருந்து 4.7 கோடி வரை இருக்கும் என்று வெவ்வேறு மதிப்பீடுகள் சொல்கின்றன.

வேட்டை நாளில், துப்பாக்கி பிடித்தவர்கள் இடைவெளிவிட்டு வரிசையாக நிற்பார்கள். எதிர்ப்பக்கம் இருந்து ஒரு கூட்டம் தடியால் புதர்களைத் தட்டிக்கொண்டே வரும். மிரண்ட பறவைகள் மேலெழும்பி, வரிசையின் தலைக்கு மேலே பறக்கும். அப்போதுதான் சுடுவார்கள். பணம் கட்டி வேட்டையாட வருபவர்களுக்கு, சுடப்படும் ஒரு பறவைக்கு 40 பவுண்டுக்கு மேல் செலவாவது சாதாரணம். நம் பணத்தில் நாலாயிரம் ரூபாயைத் தாண்டும்.

இந்த மோகம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சுவாரஸ்யமான உதாரணம் உண்டு. அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் பண்ணையில், குளிர்கால வெளிச்சம் வேட்டைக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே, ஏழாம் எட்வர்டு கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார். 1936-ம் ஆண்டு வரை அங்கே அந்தத் தனி நேரம்தான் ஓடியது!

சட்டம் சொல்லும் வினோதம்

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், பறவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் கேம்கீப்பரின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பண்ணையில் அடைபட்டு வளரும்வரை ஃபெசன்ட் ஒரு சொத்து. திருடினால் வழக்கு. ஆனால், காட்டில் திறந்துவிட்ட பிறகு அது காட்டுப் பறவை. உயிரோடு இருக்கும்வரை அதற்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. எந்த நிலத்தில் நிற்கிறதோ, அந்த நிலத்தில் வேட்டை உரிமை வைத்திருப்பவர், வேட்டைக் காலத்தில் அதைச் சுடலாம்.

அதாவது, முட்டை வாங்கி, பொரிக்கவைத்து, சூடு கொடுத்து, தீவனம் போட்டு, நரியிடம் இருந்து காப்பாற்றி வளர்த்த பறவை, பக்கத்துத் தோட்டத்துக்குள் நடந்துபோய்விட்டால் முடிந்தது கதை. 'அது என் பறவை' என்று போய்க் கேட்க முடியாது. அனுமதி இல்லாமல் அந்த நிலத்துக்குள் நுழைந்து விரட்டிக்கொண்டு வரவும் முடியாது. பக்கத்து நிலத்துக்காரரும் வேட்டை நடத்துபவராக இருந்துவிட்டால், அவருக்கு இலவச லாபம்.

முதலாளியின் முதலீடு காலில் நடந்து போய்விடும் என்றால், பதில் சொல்ல வேண்டியவர் கேம்கீப்பர். வேட்டை நாளில் புதரைத் தட்டும்போது பறவை எழும்பவில்லை என்றால் அவருடைய வேலைக்கே ஆபத்து. பல இடங்களில் அந்த வேலையோடுதான் அவர் குடியிருக்கும் வீடும் சேர்ந்து வருகிறது.

மூடி இல்லாத பட்டி

ஃபெசன்ட் முட்டை பொரிய சுமார் 24 நாள்கள் ஆகும். குஞ்சுகளை ஆரம்ப வாரங்களில் ஹீட்டர் போட்ட கொட்டகையில் வளர்க்கிறார்கள். ஆறு, ஏழு வாரம் ஆனதும் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். நம்மூரில் வெடக்கோழி என்பார்களே, கிட்டத்தட்ட அந்தப் பருவம். சிறகு முளைத்திருக்கும். உலகம் தெரியாது.

நேராகக் காட்டில் விட்டால் ஒரே இரவில் சிதறிவிடும். அதனால் காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய பட்டி அமைக்கிறார்கள். ஆட்டுப் பட்டிபோல மேலே திறந்தே இருக்கும். சுற்றிலும் ஆறேழு அடி உயரத்துக்குக் கம்பி வலை. நரி தோண்டி உள்ளே வராமல் இருக்க, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதித்துவிடுவார்கள். அதற்கும் வெளியே மின்வேலி.

பட்டிக்குள் மூன்று விஷயம் அவசியம். ராத்திரியில் ஏறி அடைய மரக்கிளைகள், பதுங்கிக்கொள்ளப் புதர், மழையில் நனைந்தால் உடம்பைக் காயவைக்க வெயில் விழும் வெட்டவெளி. நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துச் செத்துவிடும் என்பதால், முதல் வாரத்தில் பெய்யும் பெருமழையைக் கேம்கீப்பர்கள் நரிக்குச் சமமாக வெறுக்கிறார்கள்.

இடமும் தாராளமாக வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, ஆயிரம் பறவைகளுக்கு மேல் அடைக்கக் கூடாது என்பது அங்குள்ள வேட்டைப் பறவை ஆய்வாளர்களின் பரிந்துரை. நெருக்கி அடைத்தால் நோய் வரும். மண்ணும் செடிகொடியும் பாழாகும்.

பறந்து போகலாம், நடந்து திரும்பலாம்

பட்டிக்குள் விடும் முன், பல இடங்களில் ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிடுவார்கள். நகம் வெட்டுவது மாதிரிதான், வலிக்காது. சில வாரங்களில் புது இறகு முளைத்துவிடும். அதுவரை வேலி தாண்டிப் பறக்க முடியாது. அதற்குள் இடம் பழகிவிடும் என்பது கணக்கு.

இறகு வளர்ந்ததும் ஒவ்வொன்றாக வெளியே பறக்கத் தொடங்கும். இங்கேதான் ஒரு சின்ன சிக்கல். குஞ்சுக்கு வெளியே பறக்கத் தெரிகிறது, திரும்ப உள்ளே பறந்து வரத் தெரிவதில்லை. கூட்டாளிகள் உள்ளே மேய்வதைப் பார்த்துக்கொண்டே வலையை ஒட்டி இப்படியும் அப்படியும் நடக்கும். சாயங்காலம் வந்துவிட்டால், அந்த இடத்துக்கே நரி வரும்.

அதற்காகவே வேலியின் அடியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகப் புனல் வடிவ வாசல்கள் வைக்கிறார்கள். வெளிப்பக்கம் அகலம், உட்பக்கம் குறுகல். வலையை ஒட்டி நடக்கும் குஞ்சு தானாக அதற்குள் நுழைந்துவிடும். உள்ளே இருந்து வெளியே வரும் வழி அதன் கண்ணில் படாது. நம்மூர் ஆற்றில் மீனுக்குப் போடும் கூடையின் அதே தந்திரம்! வாசலின் முன்னால், குஞ்சு நுழையும் அளவுக்கும் நரி நுழைய முடியாத அளவுக்கும் இடைவெளிவிட்டுக் கம்பிகள் இருக்கும்.

இப்படிப் பகலில் வெளியே, ராத்திரியில் உள்ளே என்று சில வாரம் ஓடினால், பட்டியைச் சுற்றியுள்ள காடு முழுக்க பறவைக்கு வீடாகிவிடும்.

விசில் சத்தமும் கோதுமையும்

தானியத்தை வீசிக் குரல் கொடுத்தால் கோழிகள் எங்கிருந்தாலும் ஓடி வருமே, அதே வித்தைதான் இங்கும். தீவனம் போடும்போதெல்லாம் கேம்கீப்பர் ஒரே மாதிரி விசிலடிப்பார். சில நாள்களில் பறவைகளுக்கு விசில் என்றால் சாப்பாடு என்று பதிந்துவிடும். பிறகு அந்தச் சத்தத்துக்கே நாலா பக்கமும் இருந்து ஓடி வரும்.

முதலில் பண்ணையில் சாப்பிட்ட அதே உருண்டைத் தீவனம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமை கலந்து, கடைசியில் முழுக்கக் கோதுமை. இதைக் குவியலாகக் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அதனால் காட்டுப் பாதையில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கோதுமையைத் தூவுகிறார்கள். கிளறிக் கிளறி ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். காலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

காட்டை அடுத்த நிலத்தில் மக்காச்சோளம், சோளம், தினை வகை, கேல் கீரை போன்றவற்றைப் பறவைகளுக்காகவே பயிரிடுகிறார்கள். அறுவடை கிடையாது. மறைந்து நிற்க இடமும், கொத்தித் தின்ன தானியமும் ஒரே இடத்தில் கிடைக்கும். எல்லைக்கு அருகில் மட்டும் எதையும் வைக்க மாட்டார்கள். சாப்பாட்டைப் பக்கத்து வேலியை ஒட்டி வைத்தால், பறவையை நாமே வழியனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபெசன்ட்டுக்கு உலர்திராட்சை என்றால் உயிர். ரோல்டு டால் 1975-ம் ஆண்டு எழுதிய 'டேனி தி சாம்பியன் ஆஃப் தி வேர்ல்டு' என்ற சிறுவர் நாவலில், அப்பாவும் பிள்ளையும் உலர்திராட்சைக்குள் தூக்கமருந்தை வைத்துப் பணக்காரரின் காட்டில் ஃபெசன்ட் பிடிக்கப் போவதுதான் கதை. அந்தக் கதையை ரசித்துப் படித்த குழந்தைகளுக்கு, கேம்கீப்பர் என்றாலே வில்லன்தான்!

நாய்க்கு ஒரு புது வேலை

எவ்வளவு தீவனம் போட்டாலும் சில பறவைகள் கிளம்பத்தான் செய்யும். ஆகஸ்ட், செப்டம்பரில் கோதுமை அறுவடை முடிந்திருக்கும். அறுத்த வயலில் சிந்திக்கிடக்கும் மணிகள் அவற்றை இழுக்கும். அடுத்து உயிர்வேலிகளில் கறுப்பு பெர்ரி பழுக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் மரத்துக் கொட்டைகள் உதிரும். மனிதர் போடும் தீவனத்தைவிட, தானே தேடிக் கண்டுபிடித்த தீனிக்கு ருசி அதிகம்போல.

போகும்போதும் பறந்து போவதில்லை. வயல் வரப்பில் வளர்ந்திருக்கும் உயிர்வேலியை ஒட்டி, மேய்ந்தபடியே நடந்து போகும். இன்று நூறு அடி, நாளை இருநூறு அடி. ஒரு வாரத்தில் எல்லை தாண்டியிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் நாய். ஸ்பேனியல், லாப்ரடார் வகை நாய்களோடு கேம்கீப்பர் முதலில் எல்லைப் பக்கம் போய்விடுவார். அங்கே இருந்து வீட்டுக் காட்டை நோக்கித் திரும்பி நடப்பார். நாய் வேலிப்புதருக்குள் மோந்துகொண்டே வர, அலைந்து திரியும் பறவைகள் முன்னால் நடந்தும் ஓடியும் காட்டுக்குள் போய்ச் சேரும். இது விரட்டல் அல்ல, ஓட்டிக்கொண்டு போவது. சாயங்காலம் வாத்து மேய்ப்பவர் வாத்துக் கூட்டத்தை ஓட்டிவருவாரே, அந்தப் பக்குவம் வேண்டும். நாய் ஆர்வக்கோளாறில் பாய்ந்தால், பறவை பயந்துபோய் எதிர்ப்பக்கம் பறந்துவிடும். காரியம் கெட்டுவிடும்.

காலை, மாலை இரு வேளையும் இதைச் செய்ய வேண்டும். ஒருநாள் விட்டால், அடுத்த நாள் இரண்டு மடங்கு தூரம் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், வீட்டு விசேஷம் எதுவும் பறவைக்குத் தெரியாது.

விலகிப் போனால் உயிருக்கும் ஆபத்து

எல்லை தாண்டுவதில் நஷ்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, பறவைக்கும்தான். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபெசன்ட்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். ஒரு பறவை தனக்கு நன்றாகப் பழகிய இடத்தின் நடுவில் இருக்கும்போது பாதுகாப்பாக இருக்கிறது; அந்த எல்லையின் விளிம்பில்தான் நரியிடம் அதிகம் சிக்குகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

குஞ்சுப் பருவத்திலேயே கொட்டகைக்குள் உயரமான குச்சிகளைக் கட்டி ஏறி அடையப் பழக்கிய பறவைகள், காட்டுக்குப் போன பிறகும் உயரத்தில் அடைகின்றன, அதிகம் உயிர் பிழைக்கின்றன என்பது இன்னொன்று. தாய்க்கோழி சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் அது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் ஏது?

அடுத்த எமன், சாலை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பட்டியைவிட்டுப் பரவும் நாள்களில் ஃபெசன்ட்கள் வண்டியில் அடிபடுவது அதிகரிக்கிறது. வேட்டைக் காலம் முடிந்து தீவனம் நிறுத்தப்படும் பிப்ரவரி, மார்ச்சில் மறுபடியும் அதிகரிக்கிறது. பறவைகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்றில், சுமார் கால்வாசி, வேட்டை தொடங்கும் முன்பே நரி போன்ற விலங்குகளுக்கு இரையாகியிருந்தன. துப்பாக்கிக்கு இரையானவை பாதிகூட இல்லை.

'இத்தனை கோடி தேவையா?'

பறவை எல்லை தாண்டுவது பக்கத்து நிலத்துக்காரரோடு நிற்கும் பிரச்னையும் அல்ல. இத்தனை கோடிப் பறவைகளை வெளியே இருந்து கொண்டுவந்து கொட்டினால் காட்டுச் செடி, பூச்சி, மண் எல்லாம் என்ன ஆகும் என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். 'வைல்டு ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அதன் விளைவாக 2021-ல் இருந்து இங்கிலாந்தில், உயர் பாதுகாப்புள்ள இயற்கைப் பகுதிகளுக்குள்ளும் அவற்றைச் சுற்றி 500 மீட்டர் தூரத்துக்குள்ளும் ஃபெசன்ட்களை விடுவதற்கு உரிம நிபந்தனைகள் வந்துவிட்டன.

வேட்டைத் தரப்பும் பதில் வைத்திருக்கிறது. வேட்டை இருப்பதால்தான் பல சிறு காடுகளும் உயிர்வேலிகளும் வெட்டப்படாமல் பராமரிக்கப்படுகின்றன, ஃபெசன்ட்டுக்காகப் போடும் பயிர் குளிர்காலத்தில் சிட்டுகளுக்கும் தீனியாகிறது என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், நரியையும் காகத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதோடு நிற்காமல், 1981-ம் ஆண்டின் சட்டம் பாதுகாக்கும் பருந்து, கழுகு இனங்களையும் சிலர் கொன்று தண்டனை பெற்ற வழக்குகள், அந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்திருக்கின்றன.

2022-ம் ஆண்டு இன்னொரு அடி. பிரிட்டனுக்கு வரும் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பங்கு பிரான்ஸில் இருந்து வருபவை. அங்கே பறவைக்காய்ச்சல் பரவியதால் வரத்து தடைபட, பல இடங்களில் அந்த ஆண்டு வேட்டையையே ரத்து செய்தார்கள்.

அக்டோபர் வந்த பிறகு...

1831-ம் ஆண்டின் சட்டப்படி, அக்டோபர் 1 தொடங்கி பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட்டைச் சுடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் மட்டும் கூடாது. ஆனாலும், அக்டோபர் பிறந்த உடனே எல்லாரும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. பறவை முழுதாக வளர்ந்து உயரப் பறக்கட்டும் என்று பலர் நவம்பர் வரை காத்திருக்கிறார்கள். அதுவரை கேம்கீப்பரின் காவல் நடையும் நீள்கிறது.

வேட்டை நாளில் இன்னொன்றும் நடக்கிறது. பறவைகளை முதலில் வீட்டுக் காட்டில் இருந்து தள்ளி வெளியே ஓட்டுகிறார்கள். பிறகு அங்கே இருந்து எழுப்பிவிடுகிறார்கள். மிரண்டுபோன பறவை எங்கே பறக்கும்? இரண்டு மாதமாக வீடு என்று பழக்கிவைத்த அந்தக் காட்டை நோக்கித்தான். துப்பாக்கி வரிசை நிற்பது அந்த வழியில்தான்.

விசில் அடித்துச் சோறு போட்டவரே அந்த நாளையும் ஏற்பாடு செய்கிறார். இதைக் கொடுமை என்பவர்களும் உண்டு. கொட்டகையிலேயே பிறந்து கொட்டகையிலேயே சாகும் பிராய்லர் கோழியைவிட, காட்டில் சில மாதம் சுதந்திரமாகத் திரிந்த பறவையின் வாழ்க்கை மேல் என்பவர்களும் உண்டு. பிப்ரவரி 1 தாண்டியும் உயிரோடு இருக்கும் பறவைகளுக்கு அக்டோபர் வரை துப்பாக்கிப் பயம் இல்லை. சாலையும் நரியும் பசியும்தான் பாக்கி. வசந்தத்தில் அவற்றில் சில பெட்டைகள் புதரடியில் சொந்தமாகக் கூடு கட்டி, தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளை ஓட்டிவர நாயும் தேவையில்லை, விசிலும் தேவையில்லை. தாயின் பின்னாலேயே போகும்.